உப்புத் தடவிய தோல்

கன்று செத்த அன்று மாலையே அம்மா அதன் தோலை உரித்துவிட்டாள். இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, உள்ளே உலர்ந்த புல்லைத் திணித்து, வயிற்றுப் பக்கம் கம்பளி நூலால் தைத்தாள். கால் இல்லை, கண் இல்லை. கழுத்து ஒரு பக்கமாகத் தொங்கியது. துலுப் என்று நாங்கள் சொல்லும் அந்தப் பொய்க் கன்றின் முதுகில் உப்புத் தண்ணீரைத் தடவிப் பசுவின் முன்னால் போட்டாள். மூன்று நாளாகப் பாலை எக்கிக்கொண்டு நின்ற பசு குனிந்து மோந்தது. பிறகு நக்கத் தொடங்கியது. நக்க நக்க மடி இறங்கியது.

எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஜிபார் அண்ணிதான் என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"பாரு மைவிரலு. இவ்வளவு நல்ல பாடம் எங்க காலேஜுல கூட நடத்தல."

அவள் என் அண்ணன் ஏர்னிஸின் மனைவி. எங்கள் மலையில் கணவன் வீட்டார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது, அதனால் வந்த முதல் வாரமே எனக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டாள். நான் ஏதோ எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். என்ன எழுதுகிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. விரலில் இருந்த மையைப் பார்த்ததோடு சரி.

"பசு மோந்து பாக்குது இல்ல? அந்த வாசனை மூக்குலருந்து நேரா மூளைக்குப் போகுது. மூளைக்கு அடியில பட்டாணி மாதிரி ஒரு சுரப்பி தொங்குது, பிட்யூட்டரி. அது ரத்தத்துல கொஞ்சம் ஆக்சிடோசின் விடும். ஒரு நிமிஷம் கூட ஆகாது, மடிக்கு வந்து சேர்ந்துடும். மடி கேள்வி கேக்காது. திறந்துடும்."

"அது கன்னு இல்லன்னு பசுவுக்குத் தெரியாதா?"

அண்ணி பசுவின் கழுத்தைத் தட்டினாள். "தெரியிற இடம் வேற, சுரக்கிற இடம் வேற," என்றாள்.

"மாமியாரும் நாத்தனாரும் இருக்கிற வீட்டுல பசுவுக்குப் பாடம் நடத்துற மருமகளை இப்பத்தான் பாக்குறேன்," என்று அம்மா கத்தினாள். "வாளியை எடுங்கடி!"

"பசு நல்லா படிக்குது அத்தை. உங்க பொண்ணுதான் தூங்குறா."

அண்ணி தெற்கே அக்ரூட் காடுகள் இருக்கும் ஊரிலிருந்து வந்தவள். ஓஷ் நகரத்தில் மருத்துவக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டுக் கல்யாணத்துக்காகப் பாதியில் விட்டாள். சீதனப் பெட்டிக்குள் போர்வைகளுக்கு நடுவில் மூளையைப் பற்றிய ஒரு தடித்த பாடப்புத்தகமும் வந்தது. குளிர்கால மாலைகளில் அடுப்புச் செங்கல்லில் ஓர் அக்ரூட் கொட்டையைப் பக்குவமாக உடைத்து, பருப்பு சிதையாமல் எடுத்து என் உள்ளங்கையில் வைப்பாள். "இது இடது பாதி, இது வலது பாதி. நடுவுல பாலம். இப்ப தின்னு." அப்படி நான் நூறு மூளையாவது தின்றிருப்பேன்.

எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பேன், வாய் திறக்காது. அதற்குப் பிறகு யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை, நான் கேட்பதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை. அண்ணி ஒருத்திதான் சொன்னாள். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் செய்ததற்கு வேறு காரணம் இல்லை.

கோடை முழுவதும் நாங்கள் மேட்டு மேய்ச்சலில், கம்பளிக் கூடாரத்தில் இருப்போம். ஒன்பது பெண்குதிரைகள் கறவையில் இருந்தன. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கறக்க வேண்டும். நான் குட்டியை அவிழ்த்துத் தாயிடம் கொண்டுபோவேன். அது நாலு வாய் குடித்ததும் இழுத்துத் தாயின் முகத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவேன். அண்ணி ஒற்றை முழங்காலில் அமர்ந்து, மறு தொடையில் வாளியை வைத்து, குதிரையின் பின்னங்காலைச் சுற்றிக் கையை விட்டுக் கறப்பாள். வெயிலோ பனியோ, பஞ்சு வைத்துத் தைத்த ஒரே நீல அங்கிதான் போடுவாள். அதில் புளித்த குதிரைப்பாலும் புகையும் அவள் தலைக்குத் தேய்க்கும் அக்ரூட் எண்ணெயும் மணக்கும். குதிரைகள் அவளுக்கு மட்டும்தான் பால் விட்டன. அம்மா தொட்டால் உதைத்தன. அதனால் அண்ணியால் கூடாரத்தை விட்டு அரை நாள்கூட நகர முடியாது.

கைபேசி எங்கள் வீட்டில் ஒன்றுதான். அண்ணியுடையது போன வருடமே ஆற்றில் விழுந்துவிட்டது. மேய்ச்சல் மேட்டில் தொடர்பும் கிடையாது. குதிரையில் ஒன்றரை மணி நேரம் ஏறினால் ஒரு மொட்டைக் குன்று வரும். அங்கே கிடைக்கும். மாஸ்கோவில் கட்டட வேலை பார்த்த அண்ணன் ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் கூப்பிடுவான். நான் போய்க் கேட்டு, அவன் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டுவந்து அம்மாவுக்கும் அண்ணிக்கும் வாசித்துக் காட்டுவேன். பேச வராதவளைத் தூது அனுப்பினார்கள். ஆனால் எழுதி வைத்ததை வாசிப்பதென்றால் எனக்குத் திக்குவதில்லை.

ஜூன் மாதக் கடைசி ஞாயிறு குதிரையில் ஏறும்போது அண்ணி என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"பால் வண்டியில காலேஜ்லருந்து லெட்டர் வந்துச்சு. எனக்கு இடம் வெச்சிருக்காங்களாம். ஆகஸ்ட் இருபது வரைக்கும். அதுக்கு மேல வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. இதுதான் கடைசி தடவை. அவர் ஒரு வார்த்தை சரின்னு சொன்னா அத்தை தடுக்க மாட்டாங்க. மறக்காம கேளு. என்ன?"

"ம்."

"'ம்'முன்னு அவர்கிட்டயும் சொல்லிட்டு வந்துடாத."

குன்றில் அண்ணன் என்னைக் கேட்கவே விடவில்லை.

"புருல், நான் சொல்றத அம்மாகிட்ட சொல்லிடு. நான் இனிமே வரல. இங்க ஒருத்திகூட இருக்கேன். குழந்தை பொறக்கப் போகுது. ஜிபாரைப் புடிச்சு வெச்சுக்காதீங்க. படிக்கணும்னா போகட்டும். அவ நல்லவ. புருல், இருக்கியா?"

"ம்."

"ஞாயித்துக்கெழமை இனிமே கூப்பிட முடியாது. அம்மாவைத் திட்ட வேணாம்னு சொல்லு."

அதை அப்படியே எழுதிக்கொண்டேன். இறங்கும் வழியெல்லாம் மனதுக்குள் வாசித்துப் பார்த்தேன். தூரத்தில் கறவைக் கயிற்றருகே நீல அங்கி தெரிந்தது. அது நிமிர்ந்து என்னையே பார்த்தது. 'போகட்டும்' என்ற ஒரு சொல் போதும், நாளையே பால் வண்டியில் ஏறிவிடுவாள். குளிர்காலம் வரும். அடுப்பு இருக்கும். அக்ரூட்டை உடைக்க ஆள் இருக்காது.

"என்ன சொன்னாரு?"

நோட்டைத் திறந்தேன். அதில் ஒன்று இருந்தது, என் வாயிலிருந்து வேறொன்று வந்தது. ஒரு திக்கல்கூட இல்லாமல் வந்தது.

"பனி விழுறதுக்கு முன்னாடி வந்துடறாராம். அதுவரைக்கும் எங்கேயும் போக வேணாமாம். படிப்பை அடுத்த வருஷம் பாத்துக்கலாமாம்."

அண்ணி வாளியைக் கீழே வைத்தாள். முகம் வாடும் என்று நினைத்தேன். முதலில் வாடியதும் உண்மைதான். பிறகு, "வர்றாரா? நெஜமா?" என்று கேட்டு என்னைப் பிடித்து முத்தமிட்டாள். அம்மா கூடாரத்துக்குள்ளிருந்து, "என் பையன் வர்றானா?" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள். இருவரும் அழுதார்கள். அன்று அம்மா ஒரு செம்மறிக் கிடாயை அறுக்கச் சொன்னாள். ஈரலை எனக்கு வைத்தார்கள், நல்ல செய்தி கொண்டுவந்தவளாம். அதை நான் விழுங்கினேன்.

அடுத்த ஞாயிறும் குன்றுக்குப் போனேன். போகாமல் இருந்தால் தெரிந்துவிடுமே. கைபேசி அடிக்கவில்லை. மற்றக் கூடாரத்துப் பெண்கள் சுற்றிலும் நின்று பிள்ளைகளோடும் கணவர்களோடும் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்ப்பார்களே என்று நான் வெறும் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டேன்.

"உங்க அண்ணன் உன்னை ஒரு வார்த்தை பேச விடமாட்டானா?" என்று ஒருத்தி சிரித்தாள். "எம் மவனா இருந்தா மூணு நிமிஷத்துல காசு கேட்டுட்டு வெச்சிருப்பான்."

பிறகு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து அண்ணனின் பேச்சை எழுதினேன். அப்படி ஏழு ஞாயிறு எழுதினேன். அண்ணன் நிஜத்தில் இப்படியெல்லாம் பேசுகிறவன் இல்லை. 'சாப்பிட்டீங்களா, எல்லாம் நல்லாருக்கா, வெக்கிறேன்,' அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். என் நோட்டில் அவன் அண்ணியின் குதிரைகளை ஒவ்வொன்றாக விசாரித்தான். கையில் வெடிப்பு இருக்கிறதா என்று கேட்டான். 'காத்துல உன் மூக்கு உரிஞ்சு போயிருக்கும், ராத்திரி பாலாடை தடவிட்டுப் படு' என்றான். அன்று இரவு அண்ணி மூக்கில் பாலாடையோடு என் பக்கத்தில் படுத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"மைவிரலு, நீ குன்றுலருந்து எறங்கி வர்றத தூரத்துல பாத்தாலே எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. அது ஏன் தெரியுமா? டோபமைன். எல்லாரும் அதை சந்தோஷத்துக்கானதுன்னு நினைக்கிறாங்க. இல்ல. கெடைக்கிறதுக்கு முன்னாடி வர்றது அது. காத்திருக்க வைக்கும். ஒருநாள் நெறைய, ஒருநாள் கொஞ்சம்னு குடுத்தா இன்னும் மோசம், வேற எதுலயும் புத்தி போகாது."

நான் கூடாரத்தின் கம்பளிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த ஞாயிறு செய்தி சின்னதாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றேதான் இரண்டு வரியோடு நிறுத்தியிருந்தேன். அடுத்த வாரம் இன்னும் ஆசையாகக் கேட்பாள் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அம்மா துலுப்புக்குத் தினம் உப்புத் தடவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அண்ணி இல்லாத நேரங்களில் அவள் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பயத்துக்கு அட்ரினலின் இருந்தது. பயம் போன பிறகும் ரத்தத்தில் நெடுநேரம் தங்குவதற்குக் கார்ட்டிசால் இருந்தது. தூக்கம், பசி, கோபம் எல்லாவற்றுக்கும் ஒரு பெயரும் படமும் இருந்தன. செய்த தப்பு உள்ளே உட்கார்ந்திருப்பதற்கு எந்தச் சுரப்பி என்று தேடினேன். பின்னட்டைவரை புரட்டியும் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் பிறந்ததும் நாள் எண்ணத் தொடங்கினேன். பதினைந்து, பதினாறு. பதினேழாம் தேதி மதியக் கறவையில் சாம்பல் நிறப் பெண்குதிரை பாலை எக்கிக்கொண்டது. குட்டி முட்டியது, அண்ணி மடியைத் தடவினாள், ஒரு சொட்டு வரவில்லை. குதிரை கண்ணின் வெள்ளை தெரிய என்னைப் பார்த்தது. அதன் முகத்தருகே குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

"யாரோ பயந்திருக்காங்க," என்றாள் அண்ணி, தலையைத் தூக்காமல். "பயம் வந்தா பால் வராது. அட்ரினலின் வழிய அடைச்சுடும். ஓநாய் ஏதாவது சுத்துதா?" அப்புறம் நிமிர்ந்தவள், "ஏய், குட்டி கழுத்தை ஏன் இப்படி இறுக்குற? ஒடம்பு சரியில்லையா?" என்றாள்.

"இ... இ... இல்ல."

"போய்ப் படு. நான் பாத்துக்கறேன்." தன் அங்கியைக் கழற்றி எனக்குப் போர்த்திவிட்டாள்.

மறுநாள், பதினெட்டாம் தேதி காலை. பசுவைக் கறந்துகொண்டிருந்த அம்மா திடீரென்று உரக்கச் சிரித்தாள். நானும் அண்ணியும் ஓடினோம். இத்தனை வாரம் நக்கி நக்கித் துலுப்பின் தையல் விட்டுப்போயிருந்தது. வயிற்றிலிருந்து உலர்ந்த புல் பிதுங்கியது. பசு அந்தப் புல்லை இழுத்து நிதானமாக மென்றுகொண்டிருந்தது. வாளியில் பால் விழும் சத்தம் நிற்கவே இல்லை.

"தன் கன்னு வயித்தையே திங்குது பாரு," என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தின்னுட்டுப் போ மகராசி. பால் வந்தா சரி."

அண்ணி சிரிக்கவில்லை. "பாவம்," என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஒரு சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. கூடாரத்துக்குள் போய்க் கம்பளிக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன். யாருக்கும் காட்டாத நோட்டு. ஜூன் கடைசி ஞாயிற்றின் பக்கத்தை மடித்துவைத்திருந்தேன்.

அடுத்த கறவைக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அவள் கறவைக் கயிற்றருகே தரையில் உட்கார்ந்து வாசித்தாள். அண்ணன் உண்மையில் பேசியதை வாசிக்கும்போது உதடு அசைந்தது. பிறகு ஒவ்வொரு ஞாயிறாகப் புரட்டினாள். அடித்துத் திருத்திய வரிகள், மறுபடி எழுதிய வரிகள் எல்லாமே அதில் இருந்தன. எந்தச் சொல்லுக்கு எத்தனை முறை யோசித்தேன் என்பதுகூடத் தெரியும்படி இருந்தன.

ஒரு பக்கத்தில் விரலை வைத்துத் தலையைத் தூக்கினாள். "மூக்குல பாலாடை தடவச் சொன்னது?"

தலையசைத்தேன்.

"அதுவும் நீயா." அவள் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். "மாஸ்கோவுல இருக்கிற மனுஷனுக்கு என் மூக்கு உரிஞ்சது எப்படித் தெரியும்னு நான் ஒரு தடவைகூட யோசிக்கல பாரு. எனக்கு அதுதான் ரொம்பப் புடிச்சிருந்துச்சு."

வேறொருத்தியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணனைத் திட்டவில்லை.

"ஏன் இப்படிப் பண்ண?"

வாயைத் திறந்தேன். வகுப்பறையில் நின்றதைப் போல நின்றேன்.

"பேச வரலன்னா எழுதிக் காட்டு. அதுதான் நல்லா வருதே உனக்கு."

அதில் கேலி இருந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: நீ போயிடுவேன்னுதான்.

அதை வாசித்துவிட்டு நோட்டை மூடினாள். "போயிருப்பேன்தான்," என்றாள். "போய், வாராவாரம் உனக்கு லெட்டர் போட்டிருப்பேன்."

பிறகு வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அன்று மிச்சமிருந்த கறவை அத்தனையையும் கறந்தாள். பாதியில் விட்டால் குதிரைகளுக்கு மடி கட்டிக்கொள்ளும். நான் குட்டிகளைப் பிடித்தேன். ஒவ்வொரு முறையும், "இழு," "விடு," என்ற இரண்டு சொற்களைத் தவிர அவள் எதுவும் பேசவில்லை.

மாலையில் அம்மாவிடம் அவளே சொன்னாள். அம்மா அடுப்பருகே உட்கார்ந்தபடி கேட்டாள். "அப்ப பனிக்கு முன்னாடி அவன் வரலையா?" என்று இரண்டு முறை கேட்டாள். கிடாய் அறுத்ததை நினைத்தாளோ என்னவோ, என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "அடிப்பாவி, எனக்குமா?" என்றாள். குரல் கத்தலாக வரவில்லை.

பத்தொன்பதாம் தேதி காலை, பால் எடுக்க வந்த தோலோன் மாமாவின் வண்டியில் அண்ணி ஏறினாள். பெட்டியை அம்மாவே தூக்கிக் கொடுத்தாள். "போடி, படி," என்றவள், வண்டி கிளம்பியதும், "இனி ஒம்பது குதிரையையும் யாரு கறக்குறது?" என்று மலையைப் பார்த்துக் கேட்டாள். நான் கூடாரத்துக்குப் பின்னால் நின்றேன். அண்ணி திரும்பிப் பார்த்தாளா என்பதைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

முதல் கறவையில் குதிரைகள் அம்மாவை உதைத்தன. என்னையும் உதைத்தன. மடிகள் கல்லாய் இருந்தன. அம்மா கூடாரத்துக்குள் போய் ஆணியில் தொங்கிய நீல அங்கியை எடுத்து வந்தாள். அண்ணி அதை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

"இதப் போட்டுக்கோ. தலையையும் மூடிக்கோ. பேசாத, அது ஒண்ணுதான் உனக்கு வருமே. வாசனைக்கு விடும்."

போட்டுக்கொண்டேன். குதிரைப்பால், புகை, அக்ரூட் எண்ணெய். சாம்பல் குதிரை கழுத்தைத் திருப்பி என் தோளை மோந்தது. மூக்கால் மெல்லக் கனைத்தது. நான் ஒற்றை முழங்காலில் உட்கார்ந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வாளியில் பால் விழத் தொடங்கியது.

எட்டு நாள் கழித்துத் தோலோன் மாமா செய்தி கொண்டுவந்தார். கடைசி நாள் சாயங்காலம் நாலு மணிக்கு அண்ணி கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தாளாம். இடம் இருந்ததாம். அம்மாவுக்கு ஒரு பொட்டலம் தேயிலை கொடுத்தனுப்பியிருந்தாள்.

"எனக்கு?" என்று கேட்டேன். திக்காமல்தான் கேட்டேன்.

"உனக்குன்னு ஒண்ணும் சொல்லலியேம்மா," என்று அவர் பால் தோற்பைகளைத் தூக்கி வண்டியில் வைத்தார்.

அங்கியைத் துவைக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். துவைக்காமலே அந்த வாசனை நாளுக்கு நாள் குறைந்துவருகிறது. இப்போது அதில் என் வியர்வைதான் அதிகம். நேற்று மாலைக் கறவையில் சாம்பல் குதிரை அங்கியை மோந்துவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது. நெடுநேரம் பார்த்தது. எக்கிக்கொள்ளும் என்று நினைத்தேன். ஆனால் பாலை விட்டது.

எதற்காக விட்டது என்று கேட்க எனக்கு ஆள் இல்லை.